ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் சர்வர்: சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டதைச் சுருக்கித் தருகிறேன்: "அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். படித்தது நெட்வொர்க்கிங், டேட்டாபேஸ் தானாக வந்து என் தலையில் விழுந்தது. உபுண்டு லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் 5.7 டேட்டாபேஸ், ரேம் 16 ஜிபி. பழக்குலை லாரி எடைபோடும் தராசும் செக்ரோலும் (தொழிலாளர் சம்பளக் கணக்கு) ஒரே சர்வரில்தான் ஓடுகின்றன. பழம் அதிகமாக வரும் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்று தராசு நின்றுவிடும். இடி இடித்து கரண்ட் போய்வந்தால் சில நாள் சர்வர் எழுவதே இல்லை. சம்பளம் போடும் நாளில் ஆமை வேகம். தொழிலாளர்களின் தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் பாதித் தொல்லை போய்விடுகிறது. சாப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர் ரேமை 64 ஜிபி ஆக்கச் சொல்கிறார். வாங்கலாமா?"

தம்பி, ரேம் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ரீஸ்டார்ட்டைப் பற்றிப் பேச வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுப் படுப்பது மாதிரிதான் அது. சூடு இறங்கும், டெங்கியா வெறும் சளியா என்பது தெரியாமலே போகும். ரீஸ்டார்ட் செய்த நிமிடத்தில் யார் யார் உள்ளே இருந்தார்கள், எது எதற்காகக் காத்துக்கிடந்தது என்ற தடயம் முழுக்கத் துடைத்துப் போடப்படுகிறது. மறுநாள் அதே நேரத்தில் அதே வியாதி வரும். நீங்கள் மறுபடியும் வெறும் கையோடு நிற்பீர்கள். அதனால் இனிமேல் பட்டனை அழுத்துவதற்கு முன் ரெண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட்' போட்டால் உள்ளே இருக்கும் இணைப்புகளின் பட்டியல் வரும், அதை ஒரு கோப்பில் சேமியுங்கள். 'ஷோ இன்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' போட்டு அதையும் சேமியுங்கள் (மைஎஸ்க்யூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கும் பகுதிதான் இன்னோடிபி). பிழைகள் பதிவாகும் எரர் லாக்கின் கடைசி நூறு வரியைப் படியுங்கள். லாரி டிரைவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும்.

எரர் லாக் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 5.7இல் அந்தக் கோப்பில் எழுதப்படும் நேரம், மாற்றாமல் விட்டால், யூடிசி எனும் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு எட்டு மணி பின்னால். சாயங்காலம் நாலு மணிக்கு இடி விழுந்தால் லாகில் காலை எட்டு என்று இருக்கும். இது தெரியாமல் ஒரு முறை நான் ரெண்டு மணி நேரம் தப்பான பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். 'லாக் டைம்ஸ்டாம்ப்ஸ்' என்ற அமைப்பை 'சிஸ்டம்' என்று மாற்றிவிட்டால் உள்ளூர் நேரமே வரும்.

சரி, தராசுக்கு வருவோம். மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் உள்ளே விடும் இணைப்புகள், நீங்கள் எதையும் தொடாவிட்டால், 151. வேலை இல்லாமல் சும்மா கிடக்கும் ஓர் இணைப்பைத் தானாக வெட்டிவிட அது காத்திருக்கும் நேரம் 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு லாரியும் ரெண்டு முறை தராசில் ஏறும், பழத்தோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு தடவை. ஒவ்வொரு எடைக்கும் உங்கள் தராசு மென்பொருள் ஒரு புது இணைப்பைத் திறந்து, மூடாமல் விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 76 லாரி வந்தால் 152. காலை ஏழு மணிக்குத் தராசு திறந்தால் மூன்று மணிக்குள் கணக்கு நிரம்பிவிடும், முதல் இணைப்பே அப்போதுதான் காலாவதியாகும். பழம் குறைந்த மாதத்தில் நாளுக்கு ஐம்பது லாரிதான் என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "பழம் அதிகமாக வரும் மாதங்களில், மத்தியானத்துக்கு மேல்" என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. ரீஸ்டார்ட் செய்தால் அத்தனை இணைப்பும் அறுந்து எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரும், மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து ஏறும்.

உறுதி செய்துகொள்வது சுலபம். மதியம் ஒரு மணிக்கு ப்ராசஸ்லிஸ்ட் பாருங்கள். தராசு கம்ப்யூட்டரின் ஐபி முகவரியிலிருந்து வரிசை வரிசையாக 'ஸ்லீப்' என்று கிடந்தால், பக்கத்தில் உள்ள விநாடிகளும் ஆயிரக்கணக்கில் இருந்தால், ஆள் அகப்பட்டுவிட்டார். அப்போது பலரும் செய்வது 151ஐ 1000 ஆக்குவது. செய்யாதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் தனக்கென்று கொஞ்சம் நினைவகம் பிடிக்கும். ஓட்டை வாளிக்குப் பதிலாகப் பெரிய ஓட்டை வாளி வாங்குகிற கதை அது. 'வெயிட் டைம்அவுட்' அமைப்பை 600 விநாடிக்குக் குறையுங்கள். 'செட் குளோபல்' மூலம் மாற்றினால் புதிதாக வரும் இணைப்புக்குத்தான் செல்லும், அதோடு சர்வர் அணைந்து எழுந்தால் பழைய மதிப்புக்கே போய்விடும், ஆகவே கான்ஃபிக் கோப்பிலும் எழுதிவையுங்கள். இது தற்காலிகக் கட்டு. இணைப்பைத் திறந்தவரே மூட வேண்டும் என்று மென்பொருள்காரரிடம் சொல்லித் திருத்த வைப்பதுதான் வைத்தியம். ப்ராசஸ்லிஸ்ட் கோப்பு கையில் இருந்தால் அவரால் "உங்கள் சர்வர் சின்னது" என்று தட்டிக்கழிக்க முடியாது.

இதில் இன்னொரு நுணுக்கம். 151 நிரம்பினாலும் நிர்வாகி ஒருவர் உள்ளே வருவதற்கென்று ஒரே ஓர் இடத்தை மைஎஸ்க்யூஎல் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. அது 'சூப்பர்' உரிமை உள்ளவருக்கு மட்டும். தராசு மென்பொருளே ரூட் என்ற தலைமைப் பயனராக உள்ளே போகிறது என்றால், அந்தக் கடைசி நாற்காலியிலும் தராசுதான் உட்கார்ந்திருக்கும். நீங்கள் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டியதுதான். நம் பக்கத்து ஆபீஸ்களில் நான் பார்த்த வரைக்கும் பாதிப் பேர் ரூட்டைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். தராசுக்கு ஒரு பயனர், செக்ரோலுக்கு ஒரு பயனர் என்று பிரியுங்கள். தராசு பயனருக்கு மட்டும் இத்தனை இணைப்புதான் என்று வரம்பு கட்டவும் முடியும். அப்படிச் செய்தால் தராசு தறிகெட்டாலும் செக்ரோல் நிற்காது.

அடுத்தது இடி. பேராக்கில் சாயங்கால மழைக்கும் இடிக்கும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போய்வந்தபின் சர்வர் எழவில்லை என்கிறீர்கள். எழவே இல்லையா, எழுந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் மறுபடி அடித்துப் படுக்க வைக்கிறீர்களா? இன்னோடிபி தரவை எழுதுவதற்கு முன் என்ன செய்யப்போகிறேன் என்று ரீடூ லாக் என்ற ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும். கணக்கப்பிள்ளை பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் துண்டுச்சீட்டில் குறித்துவைப்பது போல. திடீரென்று அணைந்து எழும்போது அந்தக் குறிப்பேட்டை வாசித்து, முடிந்ததாகச் சொன்ன வேலைகளை முழுமையாக்கி, பாதியில் நின்றவற்றைத் திருப்பிப் போடும். இதற்குச் சில விநாடியும் ஆகலாம், பெரிய வேலை நடுவில் அணைந்திருந்தால் பத்து இருபது நிமிடமும் ஆகலாம். எரர் லாகில் 'க்ராஷ் ரெக்கவரி' என்று வரிகள் ஓடிக்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நடுவில் கொன்றால் முதலிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான்.

உண்மையிலேயே எழவில்லை என்றால் காரணம் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். டிஸ்க் நிரம்பியிருக்கும். கோப்புகளின் உரிமையாளர் மாறியிருப்பார், யாரோ ரூட்டாக இருந்துகொண்டு எதையோ காப்பி செய்திருப்பார்கள். கான்ஃபிக் கோப்பில் எப்போதோ போட்ட எழுத்துப்பிழை, முதல் ரீஸ்டார்ட்டின்போது இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கும். அல்லது நிஜமாகவே தரவுக் கோப்பில் ஒரு பக்கம் சிதைந்திருக்கும். முதல் மூன்றையும் எரர் லாக் வாய்திறந்து சொல்லிவிடும்.

நாலாவதுதான் பயப்பட வேண்டியது. இன்டர்நெட்டில் தேடினால் "ஐபி லாக்ஃபைல் (ib_logfile) கோப்புகளை அழித்துவிடு, எழுந்துவிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார். நான் இப்போது சொன்ன துண்டுச்சீட்டுகள்தான் அவை. க்ராஷ் ஆன சர்வரில் அவற்றைக் கிழித்துப்போட்டால் எழலாம்தான், ஆனால் எந்தக் கணக்கு பாதியில் நின்றது என்று பிறகு யாருக்கும் தெரியாது. முதலில் சர்வரை முழுக்க நிறுத்திவிட்டு டேட்டா அடைவு மொத்தத்தையும் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். கெட்டுப்போனதாக இருந்தாலும் அதுதான் உங்கள் ஒரே சாட்சி. அப்புறம் 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி' என்ற அமைப்பை 1 என்று வைத்து எழுப்பிப் பாருங்கள். எழவில்லையென்றால் 2, பிறகு 3. மொத்தம் 6 வரை உண்டு. 4இலிருந்து மேலே போனால் தரவு நிரந்தரமாகக் கெடும் வாய்ப்பு உண்டு, அதனால் அந்தக் காப்பி கையில் இல்லாமல் அங்கே போகவே கூடாது. எந்த எண்ணில் எழுந்தாலும் அது வேலை செய்வதற்காக எழுந்தது இல்லை. உள்ளே இருப்பதை ஒரே கோப்பாக டம்ப் எடுத்து வெளியே கொண்டுவந்து, புது இடத்தில் ஏற்றுவதற்காக எழுந்தது. அந்த நிலையிலேயே தராசை ஓட்டப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் இன்றைக்கும் பேச மாட்டார்.

பழைய டேபிள்கள் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகையாக இருந்தால் இந்தக் குறிப்பேடு வசதியே கிடையாது. கரண்ட் போனால் 'க்ராஷ்டு' என்று முத்திரை விழும், 'ரிப்பேர் டேபிள்' போட வேண்டியிருக்கும். எந்த டேபிள் எந்த வகை என்று ஒரு தடவை பார்த்து, தராசு, செக்ரோல் டேபிள்கள் எல்லாவற்றையும் இன்னோடிபிக்கு மாற்றிவிடுங்கள்.

யூபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கும். சர்வருக்கும் அதற்கும் நடுவில் யூஎஸ்பி கேபிள் சொருகியிருக்கிறதா? பத்து ஆபீஸில் எட்டில் அந்தக் கேபிள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பெட்டியிலேயே கிடக்கும். கேபிள் இல்லாவிட்டால் யூபிஎஸ் செய்வது ஒன்றே ஒன்றுதான். சர்வர் திடீரென்று சாவதை இருபது நிமிடம் தள்ளிப்போடும். கேபிள் போட்டு, உபுண்டுவில் நட் என்ற சின்ன நிரலை நிறுவிவிட்டால், பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

இப்போது சம்பள நாள். இது ஒரு வியாதி இல்லை, ரெண்டு, வெளியே ஒரே மாதிரி தெரியும். ஒன்று நிஜமாகவே மெதுவாக ஓடுவது. இன்னொன்று ஓடாமல் பூட்டுக்காகக் காத்து நிற்பது.

பூட்டை முதலில் பார்க்கலாம். சம்பளக் கிராணி ஒருவர் செக்ரோல் திரையைத் திறந்து ஒரு தொழிலாளியின் வரியைத் திருத்துகிறார். மென்பொருள் அங்கே ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, சேமிக்கும் வரை அந்த வரியைப் பூட்டி வைக்கிறது. அவர் சேமிக்காமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார். மற்றவர் அதே வரியைத் தொட்டால் 50 விநாடி நின்று பார்த்துவிட்டு 1205 என்ற பிழை வரும். ப்ராசஸ்லிஸ்டில் தேத்தண்ணி கிராணியின் இணைப்பு எப்படித் தெரியும்? வெறும் 'ஸ்லீப்'. ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. அதனால் இங்கே ப்ராசஸ்லிஸ்ட் போதாது. 'சிஸ்' என்ற டேட்டாபேஸுக்குள் 'இன்னோடிபி லாக் வெயிட்ஸ்' என்று ஒரு வியூ 5.7இலேயே இருக்கிறது. யார் காத்திருக்கிறார், யார் பூட்டி வைத்திருக்கிறார், யாரைக் 'கில்' செய்ய வேண்டும் என்பது வரை ஒரே வரியில் சொல்லும். கில் செய்தால் அவர் திருத்திய அந்த ஒரு வரி மட்டும் பழைய நிலைக்குப் போகும். சர்வர் முழுவதையும் ரீஸ்டார்ட் செய்தால் அந்த நேரத்தில் சேமிக்காமல் இருந்த அத்தனை பேருடைய வேலையும் போகும். 1213 என்று வந்தால் அது வேறு. ரெண்டு பேர் ஒருவர் பூட்டுக்கு ஒருவர் காத்திருக்கும் டெட்லாக், மைஎஸ்க்யூஎல் தானே ஒருவரை வெளியே தள்ளி முடிச்சை அவிழ்த்துவிடும். மென்பொருள் மறுபடி முயன்றால் போதும்.

நிஜமான மெதுவுக்கு, நேரம் எடுக்கும் குவெரிகளை (தரவு கேட்கும் கட்டளைகளை) எழுதிவைக்கும் ஸ்லோ குவெரி லாகைத் திறந்துவையுங்கள். சும்மா இருந்தால் 10 விநாடிக்கு மேல் ஆவதைத்தான் எழுதும், 1 விநாடிக்குக் குறையுங்கள். தீபாவளி முன்பணம் போடும் நாள் வரை ஓடட்டும், நல்ல அறுவடை கிடைக்கும். அதிலிருந்து அடிக்கடி வரும் குவெரியை எடுத்து முன்னால் 'எக்ஸ்பிளெயின்' சேர்த்து ஓட்டுங்கள். 'டைப்' என்ற கட்டத்தில் 'ஆல்' என்று வந்தால், அந்த டேபிளின் ஒவ்வொரு வரியையும் அது புரட்டுகிறது என்று அர்த்தம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு ஆளைத் தேட ஐந்நூறு பேரையும் வரிசையாகப் பெயர் கேட்பது போல.

தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போட்டிருந்தும் 'ஆல்' வருகிறதா? நம் ஊர் மென்பொருளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு காரணத்தைச் சொல்கிறேன். அடையாள அட்டை எண். அதை எழுத்து வகைக் கட்டத்தில் வைத்திருப்பார்கள், அது சரிதான். ஆனால் தேடும்போது மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுப்பார்கள். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட வேண்டுமானால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு வரியின் எழுத்தையும் எண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டும். இண்டெக்ஸ் அங்கே செல்லாது. ரெண்டு மேற்கோள் குறி போட்டதும் நாற்பது விநாடி குவெரி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற கிராணி நான் ஏதோ மந்திரம் போட்டதாக நினைத்தார்.

சிலர் இதற்குப் பயந்து கட்டத்தையே எண் வகைக்கு மாற்றிவிடுவார்கள். அது இன்னும் மோசம். நம் அட்டை எண் பன்னிரண்டு இலக்கம், பிறந்த வருடத்தின் கடைசி ரெண்டு இலக்கத்தில் தொடங்கும். 2000க்கு மேல் 2009 வரை பிறந்தவர்களுக்கு முதல் இலக்கம் 0. எண்ணாகச் சேமித்தால் அந்தப் பூஜ்யம் உதிர்ந்துவிடும். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வுபெற்றவர்களின் பிறந்த தேதியை 'டைம்ஸ்டாம்ப்' கட்டத்தில் வைக்காதீர்கள். அது 1970க்கு முன்னால் போகாது, 2038க்கு அப்பாலும் 5.7இல் போகாது. அதோடு 1982 புத்தாண்டு ராத்திரி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அந்த அரை மணி நம் நாட்காட்டியில் இல்லவே இல்லை, டைம்ஸ்டாம்ப் அதில் தடுக்கி விழும். பிறந்த தேதிக்கு வெறும் 'டேட்' போதும்.

இனி தமிழ்ப் பெயர்கள். தாத்தா பாட்டிமார் சம்பளச் சீட்டில் தங்கள் பெயரைத் தாங்களே படிக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தது நல்ல காரியம், அதைக் கைவிட வேண்டாம். திரையில் கேள்விக்குறி வந்தவுடன் தரவு அழிந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே சரியாக இருந்து, வெளியே அனுப்பும்போது மட்டும் மாறியிருக்கலாம். இணைப்பு 'லத்தீன்1' என்ற மேற்கத்திய எழுத்துமுறையைச் சொல்லிக்கொண்டு வந்தால், தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லாததால் சர்வரே கேள்விக்குறியாக்கி அனுப்பும். 5.7இல் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் புது டேட்டாபேஸின் எழுத்துமுறை லத்தீன்1தான், ஸ்வீடன் கம்பெனி ஒன்று தொடங்கியதன் மிச்சம். 8.0இல்தான் எல்லா மொழிக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4 ஆனது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க 'ஹெக்ஸ்' என்ற ஃபங்ஷனைப் பெயர்க் கட்டத்தின் மேல் ஓட்டுங்கள். வரும் எண்கள் மூன்று விதமாக இருக்கலாம். 'இ0ஏஇ' (E0AE) அல்லது 'இ0ஏஎஃப்' (E0AF) திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே இருப்பது உண்மையான தமிழ். யூடிஎஃப்8இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட், அவை அப்படித்தான் தொடங்கும். 'சி3ஏ0' (C3A0) என்று தொடங்கி நீளமாகப் போனால் தமிழை ஒரு தடவை லத்தீன் என்று தப்பாக நினைத்து மறுபடி மாற்றியிருக்கிறார்கள், ரெண்டு உறை போட்ட கடிதம் மாதிரி, பிரித்தெடுக்க முடியும். வெறும் '3எஃப் 3எஃப் 3எஃப்' (3F) என்று வந்தால் அதுதான் கேள்விக்குறியின் எண். பெயர் போய்விட்டது. பழைய பேக்கப்பிலிருந்தோ பழைய சம்பளச் சீட்டைப் பார்த்தோ திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

முதல் வகையில் டேபிளே லத்தீன்1 என்று இருந்து, உள்ளே தமிழ் பைட்டுகள் இருந்தால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. நேராக 'கன்வர்ட் டூ யூடிஎஃப்8எம்பி4' போட்டால் நல்ல தமிழை ரெண்டு உறைத் தமிழாக்கிவிடும். கட்டத்தை முதலில் 'வார்பைனரி' ஆக்குங்கள், அப்போது அது வெறும் பைட் என்று நினைத்துக்கொண்டு எதையும் மாற்றாது. பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்துக் கட்டமாக்குங்கள். ஒரு காப்பி டேபிளில் முயன்று பார்த்த பிறகுதான் உண்மையான டேபிளில். இணைப்பும் தொடங்கும்போதே 'செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4' சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

கட்டத்தின் நீளத்தையும் பாருங்கள். 'முனியம்மாள்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. மைஎஸ்க்யூஎல் எண்ணுவது பதினொன்று, ஏனென்றால் புள்ளி, கால், கொக்கி எல்லாம் அதற்குத் தனித்தனி. அப்பா பெயரும் சேர்ந்தால் இருபதெழுத்துக் கட்டத்தில் பாதியில் வெட்டுப்படும். நூறு போட்டுவிடுங்கள். இன்னொன்று, ரொம்பப் பழைய தரவு என்றால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்ததாகவும் இருக்கலாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் நானும் அந்தக் காலத்தில் அடித்தவன்தான். அப்படிப்பட்ட தரவுக்கு எழுத்துமுறை மாற்றி தனியாக வேண்டும், மேலே சொன்னது எதுவும் உதவாது.

டிஸ்க் நிரம்புவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். தரவில் நடக்கும் மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் போட்டிருந்தால் 5.7இல் அது தானாக அழியாது. கோப்பு மேலாளரில் போய்க் கையால் அழிக்காமல் 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். டேபிளில் பழைய வரிகளை 'டிலீட்' செய்தாலும் டிஸ்க்கில் இடம் திரும்பாது, உள்ளே வெற்றிடமாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால் பேக்கப். "தினம் ராத்திரி ஓடுகிறது அண்ணே" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஓர் ஆலையில் நானே எழுதிய ஸ்கிரிப்ட், மைஎஸ்க்யூஎல்டம்ப்பிலிருந்து வருவதை நேராக ஜிசிப் என்ற சுருக்கும் நிரலுக்குள் அனுப்பும். ஒவ்வொரு காலையும் புதுக் கோப்பு, தேதி போட்டு, அழகாக. ஒரு நாள் டிஸ்க் செத்தது. கோப்பைத் திறந்தால் இருபது பைட். அதற்கு முந்திய நாளும் இருபது. மூன்று மாதமாக இருபது. யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள், டம்ப் உள்ளேயே போக முடியாமல் வெறுமையை அனுப்பியது, ஜிசிப் அந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி இருபது பைட்டில் வைத்தது. பழைய அச்சுத் தாள்களை வைத்துக்கொண்டு ரெண்டு வாரம் நானும் கிராணிகளும் உட்கார்ந்து அடித்தோம். அதிலிருந்து மாதம் ஒரு முறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன மாத சம்பளக் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன். டம்ப் எடுக்கும்போது 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' விருப்பத்தைச் சேருங்கள், தராசு நிற்காமல் ஒரே கணத்தின் படம் கிடைக்கும். 'ரூட்டீன்ஸ்', 'ஈவென்ட்ஸ்' ரெண்டையும் சேருங்கள், சொல்லாவிட்டால் அவை வராது. 5.7க்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, மேலே ஏறத்தான் வேண்டும். ஆனால் அது இந்தப் பேக்கப் ஏறுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு.

கடைசியாக ரேம். 'இன்னோடிபி பஃபர் பூல் சைஸ்' எவ்வளவு என்று பாருங்கள். யாரும் தொடாவிட்டால் 128 எம்பி. உங்களிடம் 16 ஜிபி இருக்கிறது, மைஎஸ்க்யூஎல் தன் தரவை வைத்துக்கொள்ள அதில் 128 எம்பியைத்தான் எடுத்திருக்கும். 64 வாங்கினாலும் அதே 128தான் எடுக்கும். 6 ஜிபி, 8 ஜிபி என்று வையுங்கள், 5.7இல் சர்வரை நிறுத்தாமலே ஏற்றலாம். அதே பெட்டியில் மற்ற நிரல்களும் ஓடுவதால் முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள், நினைவகம் போதாவிட்டால் லினக்ஸ் முதலில் கழுத்தைப் பிடிப்பது மைஎஸ்க்யூஎல்லைத்தான். ஒரு சம்பள நாள் முழுக்க ஓட்டிவிட்டு, 'பஃபர் பூல் ரீட்ஸ்' எண்ணிக்கை வேகமாக ஏறிக்கொண்டே இருந்தால் அப்போது ரேம் பற்றிப் பேசலாம். அதுவரைக்கும் அந்தப் பணத்தில் யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போடச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் கேபிளையும் இன்றைக்கே எடுத்துச் சொருகிவிடுங்கள்.